கஸ்தூரி அக்காவின் பதினொரு நிமிடம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறையில், காலை ஷிப்டில் வந்த உதிரிபாகங்களின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தேவராஜ் அழைத்தார். அவர் அழைத்தால் முதலில் ஒரு கேலி வரும், பிறகுதான் விஷயம். அன்று கேலி வரவில்லை. "அக்கா போய்ட்டாங்க முரளி. நான் அவங்க ஊட்டுலதான் கீறேன். வந்துடு" என்றார். ஆவடிக்கு ரயில் ஏறி, அங்கிருந்து ஆட்டோவில் முத்தாபுதுப்பேட்டை போய்ச் சேரும்வரை என் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்ததை, இறங்கும்போதுதான் கவனித்தேன்.

நம் இசை வட்டத்தில் எல்லோருக்கும் அவரை வயலின் கஸ்தூரியாகத் தெரியும். வானிலைத் துறையில் வேலை பார்த்தவர், தென்துருவப் பனிக்கண்டத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கி பலூன் பறக்கவிட்டு காற்றை அளந்தவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். அந்தப் பனியை வைத்து நாற்பது நிமிடத்துக்கு ஓர் இசைக்கோவை எழுதினார். இரண்டு வயலின், ஒரு மிருதங்கம். மிருதங்கத்துக்கு என்னைக் கூப்பிட்டார்.

முதல் நாள் போனபோது காபி கொடுப்பதற்கு முன்பே கேள்வி கேட்டார். "முரளி, ரெண்டு மாசம் சூரியனே மறையாத ஊர்ல பூபாளத்தை எப்ப வாசிப்பீங்க?"

"மனசுல எப்ப விடியுதோ அப்பக்கா" என்றேன்.

"அது மேடைக்கு நல்லாயிருக்கும். நான் நிஜமாவே கேக்கறேன்."

அவர் அங்கே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். கடிகாரத்தின்படி அதிகாலையில் ஒரு வாரம், நடுப்பகலில் ஒரு வாரம், தூங்கப்போகும் முன் ஒரு வாரம் என்று அந்த விடியற்கால ராகத்தை வாசித்து, ஒவ்வொரு முறையும் எப்படி இருந்தது என்று குறித்து வைத்திருந்தார். முடிவு என்ன என்று கேட்டேன். "ராகத்துக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் பசி நேரம் மாறிப்போச்சு" என்றார்.

அவருடைய ஆர்வம் இப்படித்தான், கையால் தொட்டுப் பார்க்கும் ஆர்வம். பனிமேல் நடக்கும்போது காலடியில் ஒரு கிறீச்சொலி வருமாம். குளிர் கூடக்கூட அந்த ஒலியும் மாறுமாம். அதை எனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் சமையலறைக்குப் போய் ஒரு சோளமாவுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "கண்ணை மூடிக்கிட்டு அமுக்குங்க." அமுக்கினேன். மாவு பல்லைக் கடிப்பதுபோல முனகியது. "இது மைனஸ் பத்து. இன்னும் அழுத்துங்க, மைனஸ் முப்பது வரும்." ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு பேர், கூடத்தில் உட்கார்ந்து ஒரு மாவுப் பொட்டலத்தை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தோம். அவர் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். அந்த வீட்டில் அது புதிதல்ல போலிருக்கிறது.

சண்டை வந்தது இரண்டாம் பகுதியில். பதினொரு நிமிடம் எனக்கு மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கை. தகிட தகதிமி, தகிட தகதிமி, அவ்வளவுதான். ஓர் உருட்டு கிடையாது, முத்தாய்ப்பாக ஒரு தீர்மானம் கிடையாது. இரண்டு வயலின்களும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு எங்கெங்கோ போகும். நான் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மூன்று ஒத்திகை பொறுத்தேன். நான்காவதில், "இதுக்கு நான் எதுக்குக்கா? ஒரு தாளப் பெட்டியை வாங்கி வெச்சா அதுவே தட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு மிருதங்கத்தை உறையில் போட்டேன். அவர் தடுக்கவில்லை. இரண்டு வாரம் நான் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

வந்தது தேவராஜ்தான். ஆவடியில் கனரக வண்டிகளின் மெக்கானிக். பனிக்கண்டத்துக்கு அக்கா போன அதே குழுவில், ஜெனரேட்டரையும் பனி வண்டிகளையும் கவனிக்கப் போனவர். வறண்ட காற்றில் அக்காவின் வயலின் விரிசல் விட்டபோது ஒட்டிக் கொடுத்தவரும் அவரே. பட்டறைக்கு எதிரில் இருக்கும் டீக்கடைக்கு என்னைக் கூட்டிப்போனார்.

"இன்னா நைனா, அக்கா கூட கோச்சிகினியாமே?"

"பதினொரு நிமிஷம் ஒரே தட்டு தேவராஜ். நீங்களே சொல்லுங்க."

அவர் டீயைக் குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"ஜெனரேட்டர் ரூமுலேர்ந்து மெயின் பில்டிங் நூறடி கூட இருக்காது. கயிறு கட்டி வெச்சிருப்பாங்க, அத புடிச்சிகினே வரணும். அன்னிக்கு பனிக்காத்து. கயிறு அறுந்து போச்சு. என் கையே எனக்குத் தெர்ல. எந்தப் பக்கம் திரும்புனாலும் வெள்ள. தேடி வர்றவனும் தொலஞ்சிடுவான், அதனால ஒருத்தரும் வரக் கூடாது. அதான் அங்க ரூல்ஸு. காத்து கொஞ்சம் இறங்கறப்ப மட்டும் தகரம் தட்ற சத்தம் கேட்டுச்சு. ஆனா காத்தும்தான் தகரத்த தட்டும். எத நம்பறது? அப்புறம் எண்ணிப் பாத்தேன். ஏழு. மறுபடி ஏழு. காத்து ஏழு எண்ணாது, இல்ல? வாசல்ல காலி டீசல் பீப்பாய வெச்சிகினு அக்கா ஸ்பேனரால தட்டிகினு இருந்தாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல. மத்தவங்க மாத்திக்கறேன்னு கேட்டும் தரல. கை மாறுனா தட்டு மாறிடும், நான் வேற பக்கம் போயிடுவேன்னு."

நான் அன்று மாலையே முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். "ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா உருகி உருகி வாசிப்பீங்க" என்றார். "அந்த இடத்துல எனக்கு உருக்கம் வேண்டாம் முரளி. கணக்கு வேணும்."

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆவடி குவார்ட்டர்ஸ் சமூகக்கூடத்தில் அரங்கேற்றம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். இரண்டாம் பகுதி தொடங்கும் முன் மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார் அக்கா. வேர்வையில் நனைந்துகொண்டு பனியைக் கேட்டோம். முன்வரிசையில் ஒருவர் அழைப்பிதழால் விசிறிக்கொண்டதுகூட வேறு தாளத்தில் எனக்கு இடைஞ்சலாகக் கேட்டது. ஐந்தாவது நிமிடத்தில் சிலர் நெளிந்தார்கள், சிலர் எழுந்து போனார்கள். அவர்களோடு தேவராஜும் எழுந்து போவதைப் பார்த்தேன். ஆனால் தட்டை விடவில்லை.

முடிந்ததும் வெளியே ஓடினேன். சுற்றுச்சுவரை ஒட்டி, செருப்பில்லாமல் வெயிலில் நின்றிருந்தார். "உள்ள குந்தினு இருந்தா வந்து சேர்ந்துட்ட மாதிரி கீது மாமே. வெளிய நின்னாதான் சரியா கேக்குது" என்றார். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்போ கேக்கறவங்க எங்க நிக்கணும்னும் எழுதணும்" என்று பேனாவைத் தேடினார். பாராட்டாக அவருக்கு அது படவே இல்லை, புதிதாக ஒரு சிக்கல் கிடைத்த மகிழ்ச்சிதான்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன மாதம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். பேச்சு குறைந்திருந்தது. வில் பிடிக்க முடியாத கையைப் போர்வைமேல் வைத்திருந்தார். திடீரென்று, "ஒண்ணு சொல்லணும்" என்றார். "அன்னிக்குப் பீப்பாயைத் தட்டறப்ப பாதியிலேயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு முரளி. அவர் இல்லைன்னே முடிவு பண்ணிட்டேன். கை மட்டும் நிக்கல. ஏன் நிக்கலன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியல. தேவராஜ் கிட்ட சொல்லிடாதீங்க. அவர் என்னை வேற மாதிரி நெனச்சிட்டு இருக்கார்."

நான் சொல்லவில்லை. ஆனால் இறந்த அன்று அக்காவை எடுத்துச் சென்று, எல்லாம் முடிந்து, தெருமுனையில் நானும் தேவராஜும் தனியாக நின்றபோது என்னால் முடியவில்லை. அக்கா என்னை மன்னிக்க வேண்டும். சொன்னேன்.

தேவராஜ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"நடுவுல தட்டு மெதுவாச்சு. முன்ன மாதிரி கூப்பிடற தட்டு இல்ல. ஏதோ யோசனையில இருக்கறவங்க தட்ற மாதிரி. எனக்கு அங்கியே புரிஞ்சிடுச்சு, அக்கா என்ன விட்டுட்டாங்கன்னு. ஆனா ஏழு தப்பல. அத புடிச்சிகினுதான் வந்தேன். அவங்ககிட்ட எப்டி சொல்றது? நான்தான் சொல்லாம வெச்சிருந்தேன்."

ஒருவருக்கொருவர் தெரியக்கூடாது என்று இருவரும் இத்தனை வருடம் காத்தது ஒரே விஷயம்தான்.

நண்பர்களே, அக்காவின் கோவையை வரும் மாதம் மறுபடி வாசிக்கப்போகிறோம். அவர் இடத்தில் அவருடைய மாணவி ஒருத்தி அமர்வாள். கேட்பவர்கள் விரும்பினால் வெளியே நிற்கலாம், கதவுகள் திறந்தே இருக்கும். இத்தனை நாள் அந்தப் பதினொரு நிமிடத்தையும் இம்மி பிசகாத ஒரே வேகத்தில் வாசித்தேன், அது என் பெருமையாகவும் இருந்தது. இனி ஆறாவது நிமிடத்தில் சற்று மெதுவாக்குவேன். யாருக்காகத் தட்டுகிறோம் என்று தெரியாத அந்த மெதுவான தட்டைத்தான் கஸ்தூரி அக்காவிடமிருந்து எனக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன்.