நண்டு கேட்ட கேள்வி

நெட்டுக்குப்பத்தில் பொன்ராஜ் வீடு எது என்று கேட்டால், எந்தப் பொன்ராஜ் என்பார்கள். நண்டு வீட்டுப் பொன்ராஜ் என்றால் கையோடு கூட்டிப்போய் விட்டுவிடுவார்கள். நண்டு அவருடைய நாய். குட்டியாக இருந்தபோது கண்டெய்னர் லாரி ஒன்று அதன் பின்னங்காலை நசுக்கிவிட்டுப் போனது. பொன்ராஜ்தான் அதை மீன் கூடையில் போட்டுத் தூக்கிவந்து மஞ்சள் பத்துப் போட்டார். கால் ஒட்டியது, ஆனால் கோணலாக. அன்றிலிருந்து அது நேராக நடப்பதில்லை, பக்கவாட்டில்தான் போகும்.

பொன்ராஜுக்கு ஐம்பது வயது இருக்கும். சின்ன வயதிலேயே கட்டுமரம் ஏறியவர். இப்போது மைத்துனன் செல்வத்தோடு சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். முகத்துவாரத்தில் சாம்பல் சேர்ந்து மீன் குறைந்தபோது அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குப் போயிருக்கிறார். ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. “தரையில நின்னுகினே வேல செஞ்சா காலு மரத்துப் பூடுது நைனா” என்று காரணம் சொன்னார். அவர் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். வீட்டிலும் அப்படித்தான் என்பார் அவர் மனைவி மங்கை. “அந்தாளு வாயத் தொறந்தா ஒண்ணு சோத்துக்கு, இல்ல நாயிகிட்ட பேச.”

நான் அங்கே போனதே அந்த நாயால்தான். எனக்குச் செங்கம் பக்கம். எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவன் நான். நான் பட்டம் வாங்கும் படத்தை அப்பா பெரிதாக்கி ஊர் டீக்கடையில் மாட்டியிருக்கிறார். நானும் கழற்றச் சொல்லவில்லை. வேலை செய்யும் கம்பெனி சின்னது. நாய்க்கான பேசும் பட்டன் செய்கிறோம். உள்ளங்கை அகலத்தில் வட்டமாக இருக்கும். அதில் நம் குரலைப் பதிந்து தரையில் வைத்துவிட்டால், நாய் காலால் மிதிக்கும்போது அந்தக் குரல் பேசும். எந்த வார்த்தைக்கு எது நடக்கிறது என்று நாய் மெல்லப் பழகிக்கொள்ளும். தமிழில் சோதித்துப் பார்க்க வீடுகள் தேவைப்பட்டன. பொன்ராஜின் மகள், கல்லூரியில் படிக்கும் ஜோதிகா, எங்கள் விளம்பரத்தைப் பார்த்து எழுதியிருந்தாள். அடுக்குமாடி நாய்களே போதும் என்றார் முதலாளி. நான் விடவில்லை.

நண்டு எப்போதும் கேட்பது மங்கையின் குரலைத்தான் என்பதால் அவரைப் பேசச் சொன்னோம். சோறு, தண்ணி, வெளிய, வலிக்குது என்று நான்கைப் பேசிவிட்டு அவர் வெட்கப்பட்டு எழுந்துவிட்டார். ஐந்தாவதில் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஜோதிகா பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

“எங்கடி போற?”

தினமும் மங்கை அவளைப் பார்த்துக் கேட்கிற அதே அதட்டல். அது அப்படியே பதிவாகிவிட்டது. சிரித்துச் சிரித்து அதையே வைத்துக்கொண்டார்கள்.

முதலில் நண்டு பிடித்துக்கொண்டது ‘வலிக்குது’வை. ஒரு தடவை மீன் பொரிக்கும் நேரத்தில் மிதித்தது, மங்கை பதறி ஒரு மீன் தலையைப் போட்டார். அப்புறம் அடுப்பில் எண்ணெய் சட்டி ஏறினாலே அதற்கு வலி வந்துவிடும். ஜோதிகா பையை எடுத்தால் “எங்கடி போற?” குப்பமே வந்து வேடிக்கை பார்த்தது.

சிக்கல் ஒரு மாதம் கழித்து வந்தது. விடிவதற்கு முன் பொன்ராஜ் டீசல் கேனோடு படியிறங்குகிறார். பின்னாலிருந்து மனைவியின் குரல்:

“எங்கடி போற?”

கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது என்பது எங்கள் ஊரிலும் உண்டு. அங்கே கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள், அவ்வளவுதான். கடலுக்குப் போகிற வீட்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. மங்கை கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

பொன்ராஜ் கேனை வைத்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், போனார். மறுநாளும் நண்டு கேட்டது. அதற்கு மறுநாளும்.

“இன்னா மாமா, நாயி பர்மிசன் குடுத்துச்சா?” என்று செல்வம் கரையில் நின்று நக்கலடித்தான். “அதுவும் உன்ன ‘டி’ போட்டுக் கூப்புடுது. தோஸ்துங்க முன்னாடி மானம் போவுது.”

அந்த வாரத்திலேயே ஒரு கப்பல் அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போனது. செல்வத்துக்கு நக்கல் போய்க் கோபம் வந்தது. “அக்கா, இது பேஜாருக்கா. நாயி கீற வரைக்கும் நான் படகுல கால் வைக்க மாட்டேன்.”

ஜோதிகா பட்டனை எடுத்து ஒளித்தாள். அன்று விடியலில் நண்டு வெற்றுத் தரையைப் பிறாண்டிப் பார்த்தது, பிறகு தலையைத் தூக்கி ஊளையிட்டது. படகு கிளம்பும்போது நாய் ஊளையிடுவதற்கு அந்தக் கேள்வியே தேவலை. பட்டன் திரும்ப வந்தது.

‘போயிட்டு வா’ என்று மாற்றிப் பதிந்துவிடலாமே என்றேன். மங்கைக்குச் சுருக்கென்றது.

“நாயி சொல்லி அனுப்பறதுக்கு நான் இன்னா செத்தா பூட்டேன் தம்பி?”

கடைசியில் முடிவு செய்தவர் அவர்தான். பழவேற்காட்டில் தங்கை வீட்டுக்கு நண்டை அனுப்பிவிடுவது. ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி ஆட்டோக்கார தமீமிடம் சொல்லியாகிவிட்டது. அன்று பொன்ராஜ் சாப்பிட்ட தட்டில் மீன் அப்படியே இருந்தது. அதை அள்ளி நண்டுக்கு வைத்துவிட்டு, அது தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

சனிக்கிழமை பட்டன்களைத் திரும்ப எடுத்துவர நான் முதல் ரயிலிலேயே போய்விட்டேன். பொன்ராஜ் கிளம்பிக்கொண்டிருந்தார். அக்கா கெஞ்சியதால் செல்வம் அந்த ஒரு நாள் வருவதாகச் சொல்லியிருந்தான். நண்டு பக்கவாட்டில் ஓடி வந்து மிதித்தது.

“எங்கடி போற?”

பொன்ராஜ் கேனை வைத்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். சொம்பை வைத்துவிட்டு எழுந்திருக்கவில்லை. நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே பதில் சொன்னார்.

“வடக்கால போறேன்டா. ரொம்பத் தூரம் இல்ல, பத்து பாகம் ஆழத்துலதான். காத்து தூக்குனா முகத்துவாரத்துக்கு உள்ள வந்து ஒதுங்கிப்பேன். பயந்துக்காத.”

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அவர் போன பிறகு மங்கை வெளியே வந்தார். பட்டன்களைப் பையில் வைக்கலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும், இட்லி துன்னுட்டுப் போ” என்றார் மங்கை.

பதினொரு மணிக்கு மேல் வாடைக் காற்று தூக்கியது. வானம் கறுத்து, கரையில் மணல் பறந்தது. பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க் கண்ணுக்கு மேல் கைவைத்துக் கடலைப் பார்த்து நின்றார்கள். மங்கை போகவில்லை. வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். கை மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடியது.

“இன்னாடி, புருசன் கடல்ல கீறான், நீ குந்திகினு கீற?” என்று கேட்டார் பக்கத்து வீட்டு குப்பம்மா.

“வடக்காலதான் கீறாரு. காத்து தூக்குனா உள்ள வந்து ஒதுங்கிப்பாரு.”

“உனக்கு யார்டி சொன்னது?”

“நாயி கேட்டுச்சு. சொன்னாரு.”

குப்பம்மா சிரிக்கவில்லை. அவரும் கரைக்குப் போகாமல் மங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை இறாலை எடுத்துக்கொண்டார். மூன்று மணிவாக்கில் பொன்ராஜும் செல்வமும் தலை முதல் கால் வரை நனைந்து, முகத்துவாரத்துப் பக்கமிருந்து நடந்தே வந்தார்கள்.

தட்டைப் போட்டுச் சோறு வைக்கும்போதே மங்கை தமீமுக்குப் போன் போட்டார். “நாளைக்கு வராத நைனா. சவாரி இல்ல.” செல்வம் நிமிர்ந்து பார்த்தான். “நீ சோத்தத் துன்னுடா” என்றார் மங்கை. அவன் தின்றான். பொன்ராஜ் தட்டைப் பார்த்துக் குனிந்தே இருந்தார். மேசைக்கு அடியில் நண்டு அவர் காலில் தலையை வைத்திருந்தது.

நான் கிளம்பும்போது மங்கை வாசல்வரை வந்தார். இன்னொரு பட்டன் இருக்குமா என்று கேட்டார். ஒன்று பையிலேயே இருந்தது. ஜோதிகா அமுக்கிப் பிடிக்க, அவர் குரலைச் செருமிக்கொண்டு மெதுவாகப் பேசினார்: “எப்போ வருவ?”

“நாயிக்கு இதெல்லாம் புரியாதும்மா” என்றாள் ஜோதிகா.

மங்கை பட்டனை வாங்கிக்கொண்டுபோய்ச் சமையலறை வாசலில் வைத்தார்.

போன வாரம் ஜோதிகா போனில் சொன்னாள். நண்டு இன்னமும் முதல் கேள்வியை மட்டும்தான் கேட்கிறதாம். அவள் நைனா உட்கார்ந்து தண்ணீர் குடித்துப் பதில் சொல்லி முடித்ததும், அடுத்த கேள்வி வருகிறதாம். அதை மிதிப்பது சமையலறை வாசலிலிருந்து நீளும், மெட்டி போட்ட ஒரு கால்.