ஆறாவது கட்டம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது எனக்கே நடந்தது. பேய் வர நடுராத்திரி வேண்டும் என்று யார் சொன்னது? எனக்குப் பட்டப்பகலில் வந்தது.

இணையப் பக்கம் வடிவமைப்பது என் வேலை. வாடிக்கையாளர்கள் படங்களை ஒருநாளும் நேரத்துக்குத் தரமாட்டார்கள். அதுவரை அந்த இடத்தைப் பிடித்து வைக்க சாம்பல் நிறக் கட்டங்களைப் போடுவோம். உண்மையான படம் வந்ததும் கட்டம் போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

அன்று அலுவலகத்தில் நான் மட்டும். முதலாளி என் மனைவியின் அண்ணன்தான், வெளியே போயிருந்தார். ஒரு கம்பெனிக்கு 'எங்கள் ஊழியர்கள்' பக்கம் செய்துகொண்டிருந்தேன். ஐந்து பேர். நகலெடுத்து ஒட்டிய வேகத்தில் ஆறு கட்டம் விழுந்ததைக் கவனிக்கவில்லை. நான்கு மணிக்கு மகள் பள்ளி வாசலில் வந்து நிற்பாள். அந்த அவசரம் எனக்கு.

மணி 3.10. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஐந்து கட்டங்கள் சாம்பல். ஆறாவதில் ஒரு படம். ஓர் அறை, ஒரு மேஜை, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவனின் முதுகு.

என் சட்டை.

சட்டென்று திரும்பினேன். யாரும் இல்லை. மச்சான்தான் எங்கிருந்தோ விளையாடுகிறார் என்று இணைய வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி திறந்தேன். சாம்பல் கட்டங்கள் இணையத்திலிருந்து வருபவை, அதனால் ஐந்தும் வரவில்லை. ஆறாவது மட்டும் வந்தது... முதுகு இன்னும் கிட்டத்தில்.

கதவுக்கு ஓடினேன். கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. மச்சானுக்குப் போன் போட்டேன். யாரோ எடுத்தார்கள்.

"மச்சான், கதவு திறக்கல... சீக்கிரம் வாங்க!"

போனுக்குள்ளிருந்து டம்... டம்... கதவைத் தட்டும் சத்தம். கூடவே ஓர் அழுகை.

என் குரல்.

கட்டத்தை அழித்தேன். திரும்ப வந்தது. மறுபடி அழித்தேன். வந்தது. இப்போது படத்தில் கழுத்து மட்டும்.

என் பிடரியில் மூச்சு பட்டது...

வேறு படம் வந்தால்தானே கட்டம் போகும்! கணினியில் கைக்குக் கிடைத்த இலவசப் படம் ஒன்றை அந்த இடத்தில் போட்டேன். கோட்டு, கட்டிய கை, பல் தெரியும் சிரிப்பு. பாதிக் கம்பெனிகளின் பக்கத்தில் நிற்பானே, அவன்.

சேமித்தேன்.

டக்.

கதவு திறந்தது.

தலைதெறிக்க ஓடினேன். பள்ளி வாசலில் மகளைக் கண்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தூக்கப் போனேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"ஏம்ப்பா இப்படிச் சிரிச்சுக்கிட்டே இருக்கீங்க?"

மறுநாள் காலையில் மச்சான் போன் செய்தார்.

"ஆறாவதா உங்க படத்தை எதுக்கு மாப்ள போட்டீங்க? அதுவும் கதவைத் தட்டி அழுற மாதிரி? மொத்தமே அஞ்சு பேர்தானே... அழிச்சுட்டேன்."