இளம்பிள்ளையில் ஓர் எகிப்து ராணி

இளம்பிள்ளையில் எங்கள் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். எதிரே வேப்பமரத்தடியில் எகிப்து சரித்திரப் பாடம் நடக்கிறது. பிள்ளைகள் களிமண்ணில் ஜாடி செய்து, கல்லில் ரொட்டி சுட்டு அடுக்கியிருக்கிறார்கள். நடுவே, செத்துப்போன ராணியாக ஒரு சிறுமி தலைமுதல் கால்வரை துணி சுற்றிப் படுத்திருக்கிறாள்.

யார் போய்ச் சொன்னார்களோ, அவள் தாய் தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிறாள்.

"ஏனுங்க வாத்தியாரே, உசுரோட இருக்கற புள்ளயப் பொணமாட்டம் கட்டி வெச்சிருக்கீங்களே, இது அடுக்குமுங்களா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. அந்தத் தேசத்துல ராணிக்குச் செய்யற மரியாதைங்க இது. இன்னைக்கு உங்க பொண்ணுதான் மகாராணி."

அந்த அம்மாள் மகளை ஒருமுறை சுற்றி வருகிறாள். குனிந்து துணியை விரலால் நிமிண்டிப் பார்க்கிறாள். முகம் மறுபடி சிவக்கிறது.

"ராணிக்குப் போயி காடாத்துணியச் சுத்துவாங்களா? கொஞ்சம் பொறுங்க, ஊட்டுல போயி பட்டு எடுத்தாரேன்."