எந்தக் கார்டிலும் இல்லாத மருமகள்

மனு எழுதுகிறவனுக்கு எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, எதிரே உட்கார்ந்திருப்பவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று தெரிய வேண்டும். தாலுகா ஆபீஸ் எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரத்தில் என் மேஜை. காப்பீட்டு அட்டை, பிரசவ நிதி, வருமானச் சான்று என்று வருகிறார்கள். எல்லாம் இப்போது கம்ப்யூட்டர்தான். ஆனால் கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விக்கு ஆட்களிடமிருந்து பதிலைப் பிடுங்க ஒரு கிழவன் வேண்டியிருக்கிறது. "அந்தப் பேப்பர் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட உங்களுக்கு இது புரியும்.

ஒரே நடை

கோட்டைப்பட்டினத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஆறு மாதக் கர்ப்பிணி ரஹ்மத், அவள் மாமியார் பாத்துமுத்து, ரஹ்மத்தைப் பெற்ற அத்தா இஸ்மாயில். ரஹ்மத்துக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறதாம். பிரசவத்துக்கு முன்பே பலூன் வைத்து விரிக்க வேண்டும், காப்பீட்டு அட்டையோடு வாருங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு கொடுப்பது காப்பீட்டு அட்டை; அதற்கு ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். அத்தாவின் கார்டை வாங்கிப் பார்த்தேன். கல்யாணமானதும் பெயரை எடுத்துவிட்டார். மாமியார் கார்டைப் பார்த்தேன். அதில் ஏற்றவே இல்லை. ஒன்றரை வருஷமாக அந்தப் பிள்ளை எந்தக் கார்டிலும் இல்லை. ஏன் என்று கேட்டேன். மாமியார் நிதானமாகச் சொன்னார்: "மருமவளுக்கு ஒரு நடை, புள்ளைக்கு ஒரு நடைன்னு ரெண்டு தடவ அலையணுமாண்ணே? புள்ள பொறக்கட்டும், ஒரே நடையா ஏத்திப்புடலாம்னு இருந்தேன்."

நர்ஸம்மாவின் நோட்டு

பிரசவ நிதி முழுதாகக் கிடைக்க, மூன்று மாதத்துக்குள் கிராம நர்ஸிடம் பதிய வேண்டும். ரஹ்மத்தின் பதிவு நான்காம் மாதம். முதல் தவணை போச்சு. அது கிடக்கட்டும். முதல் பரிசோதனையே அப்போதுதான், வால்வு விஷயம் தெரிந்ததும் அப்போதுதான். நர்ஸ் உங்கள் தெருவுக்கு வரவே இல்லையா என்று கேட்டேன். வந்திருக்கிறார். வரும்போதெல்லாம் மாமியார் மருமகளை அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறார். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொன்னால் கண் பட்டுவிடுமாம்.

"நர்ஸுக்குமா கண்ணு பொல்லாது?" என்றேன். எரிச்சல்தான், ஆனாலும் தெரிந்துகொள்ள ஆசை. பாத்துமுத்து கொஞ்சம் யோசித்தார். "நர்ஸம்மா கண்ணு நல்ல கண்ணுதாண்ணே. ஆனா அவுக நோட்டுல எழுதிக்கிறாக. அந்த நோட்ட யாரு யாரு பாப்பாகளோ."

தகுதி இல்லாதவர்

இதற்கு நடுவே கட்டுமாவடிக்காரர் ஒருவர் வந்து நின்றார். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். காப்பீட்டு அட்டையா என்றேன். "அட்ட வேணாம். எனக்கு அதுக்குத் தகுதி இல்லைன்னு ஒரு பேப்பர் வேணும்" என்றார். அப்படி ஒரு சான்று எந்த ஆபீஸிலும் கிடையாது என்றேன். அவர் நகரவில்லை. "கேட்டுப் பாருங்கய்யா. மகனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம், கையில எதையாச்சும் காட்டணும்ல."

இன்னொரு டீ

அவர் போனதும் ரஹ்மத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அத்தாவும் சிரித்தார். பாத்துமுத்து சிரிக்கவில்லை. ஏன் என்பது வருமானச் சான்றுக்கு எழுதத் தொடங்கியபோது தெரிந்தது. மகன் காதருக்கு என்ன வேலை என்றேன். "கடலுக்குப் போறான்." சொந்தப் படகா, கூலியா? சொந்தம் என்று எழுதினால் வருமானம் ஏறிவிடும், அட்டை கிடைக்காது. அந்தம்மா சம்மந்தியைப் பார்த்தார். "சம்மந்தி, ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"இப்பத்தான குடிச்சேன்."

"இன்னொன்னு குடிங்க."

இஸ்மாயில் எழுந்திருக்கவில்லை. நான் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது, ஆனால் அன்றைக்கு இருந்தது. கடைசியில் அவரே என் பக்கம் திரும்பினார். "கூலின்னு எழுதுங்கண்ணே. படகுல பாதி எங்களுதுன்னு கல்யாணப் பேச்சுல சொன்னாக. கரையில எந்தப் படகு யாருதுன்னு தெரியாம இருக்குமா? மாப்பிள நல்ல புள்ளைன்னுதான் பொண்ணக் குடுத்தேன்."

கடலுக்குப் போன நம்பர்

மருமகள் பெயரை ஏற்றக் கார்டில் உள்ள போன் நம்பருக்கு ஓடிபி வரும். அது காதரின் நம்பர். காதர் கடலில். நம்பரைத் தட்டினோம். ஓடிபி போயிருக்கும், எங்கே போனதோ, அவகாசம் முடிந்தது. மறுநாள் படகு கரை சேர்ந்ததும் போனை வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வரச் சொல்லி அனுப்பினேன். கடை திறக்கும் முன்பே பாத்துமுத்து நின்றிருந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய போன், ஒரே மீன் வாடை. பத்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது. கிளம்பும்போது சொன்னார்: "இனிமே அவன் கடலுக்குப் போனா, போனு வீட்டுல இருக்கும். அவனத் தேடுறவுக கரையில நின்னு தேடட்டும்."

இரண்டாவது நடை

டாக்டர் குறித்த நாளுக்கு முதல் நாள் அட்டை கைக்கு வந்தது. அதற்குப் பிறகு தகவல் இல்லை. கோட்டைப்பட்டினம் பஸ் வரும் நேரம் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். வேறு ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

மூன்று மாதம் கழித்துப் பாத்துமுத்து தனியாக வந்தார். வந்தவர் உட்காரவில்லை. ரேஷன் கார்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் மேஜையில் வைத்தார். தாய்க்கு வால்வு சரியாயிற்று. பெண் குழந்தை, பிறந்து நாலு நாள். "ரெண்டாவது நடை வந்துட்டீங்களே" என்றேன். காதில் வாங்கவில்லை. ஃபாரத்தை எடுத்து, குழந்தை பேர் என்ன என்று கேட்டேன். "பேரு இன்னும் வைக்கலண்ணே. நீங்க மொதல்ல கார்டுல ஏத்துங்க, பேரப் பெறகு பாத்துக்கலாம்."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: ஏழை என்று எழுதி வாங்க ஒரு ஃபாரம் போதும், ஆனால் அதைச் சம்மந்தி முன்னால் நிரப்ப இரண்டு டீ வேண்டும்.