துடைத்த இலைகள்

எழுபதுகளின் கடைசியில், மழை ஓய்ந்த ஒரு தை மாதம், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்த என் நாட்டு மருந்துக் கடையில் நடந்தது இது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பச்சைமலை மூலிகையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்றே கடை வைத்தேன். என் சரக்கில் பூச்சி விழுந்த ஓர் இலையைக் காட்டிவிட முடியாது. திருச்சி வியாபாரிகளே சொல்வார்கள்.

ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் ஒரு பெண் பெரணிச் செடிகளைத் தேடி வந்தாள். பூக்காமல், காய்க்காமல் ஓடை நிழலில் வளருமே, அதுதான். “இந்த வருஷம் முடிக்கலன்னா கல்யாணம்னு அப்பா சொல்லிட்டாருங்கண்ணே” என்றாள். நான்தான் மலைக்கு அழைத்துப் போனேன். நான்கு நாள் முள்ளில் கிழிபட்டு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இலைகளைப் பறித்துச் செய்தித்தாளுக்குள் அடுக்கினாள்.

ஐந்தாம் நாள் காலை, ரயிலில் வரும் பேராசிரியரை அழைத்துவர அரியலூர் போனாள். “ஈரத் தாளை எடுத்துட்டுக் காஞ்ச தாளா மட்டும் மாத்தி வச்சிருங்கண்ணே.”

மாற்றும்போது பார்த்தேன், இலைகளின் அடியில் பழுப்புப் புள்ளிகள். பூச்சி முட்டை எனக்குத் தெரியாதா? படித்த பிள்ளைக்குச் சரக்கு பார்க்கத் தெரியவில்லையே என்று, ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பளிச்சென்று வைத்தேன்.

மதியம் பேராசிரியர் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புள்ளியே இல்லையேம்மா? பெரணிக்கு வித்தே அதுதானே! அது வட்டமா இருக்கா, ஓரத்துல வரிசையா இருக்கான்னு பார்த்துத்தானே எது எந்தப் பெரணின்னு பிரிக்கணும்? வெறும் தழையக் கட்டி வச்சிருக்கியே, மாட்டுக்குப் போடவா?”

“பறிக்கறப்ப இருந்துச்சு சார்.” அவள் என்னைப் பார்த்தாள்.

கடையில் நாலு பேர் நின்றார்கள். “நான் தாளைத்தாங்க மாத்துனேன், வேற ஒண்ணும் தொடல” என்றேன்.

“இந்த வருஷம் இனி முடியாதும்மா” என்று பேராசிரியர் படியிறங்கிவிட்டார். மேசையில் கிடந்த துணியை அவள் எடுத்தாள். பழுப்பு அப்பியிருந்தது. அதை மடித்து என் முன்னால் வைத்தாள். “வச்சுக்கங்கண்ணே.” என்றாள்.

சில மாதம் கழித்து, அவள் மறந்துபோன பூதக்கண்ணாடியை அனுப்பட்டுமா என்று கேட்டு ஒரு கார்டு போட்டேன். நடந்ததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, இனி அது தேவைப்படாது என்று அவள் அப்பா பதில் போட்டிருந்தார்.

இன்று அரியலூரிலும் எனக்குக் கடை இருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் முகர்ந்தே இலைக்குப் பேர் சொல்வேன். ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர் முகம்கூட நினைவில் இல்லை. அவர்கள் முன்னால் தலை குனியக் கூடாது என்றுதான், ஒரு பெண்ணின் படிப்பு போவதைப் பார்த்துக்கொண்டு, துடைத்தது நான்தான் என்று ஒப்புக்கொள்ளாமல் நின்றேன்.