என் வாசலைக் கடந்து போன வயர்

ஓரகத்தி மேல் பொறாமைப்பட யாருக்கும் காரணம் தேவைப்படுவதில்லை. எனக்குக் காரணமும் இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும் மின்கம்பத்தில் அது தொடங்கியது. என் வாசலுக்கு நேர் மேலே குறுக்காகப் போய், தெருவைத் தாண்டி, நாலு வீடு தள்ளியிருக்கும் கொழுந்தனார் வீட்டு மாடி ஜன்னலுக்குள் நுழைந்தது. மெல்லிசான கறுப்பு வயர். காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். அன்றைய நாள் அதோடு கெட்டுப் போகும்.

எங்கள் ஊர் அழகர்கோவில் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மதுரை கே.கே. நகரில் ஓர் அலுவலகத்துக்காக நான் வேலை பார்த்தேன். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள், அதைக் கேட்டு டைப் அடித்துத் தர வேண்டும். மகள் பிறந்த பிறகு வீட்டிலிருந்தே செய்ய விட்டார்கள். விட்டார்களே தவிர, எங்கள் வீட்டுக்குள் போன் நெட் கிடைக்காது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல். வெயிலில் குடையைத் தொட்டிக் குழாயில் கட்டிவிட்டு, அதன் கீழே லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பேன். டாக்டர் "நோயாளிக்கு" என்று ஆரம்பிப்பார். திரையில் வட்டம் சுற்றும். அந்த நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிவதற்குள் அவர் குணமாகி வீட்டுக்கே போயிருப்பார்.

ஒருநாள் அலுவலகத்தில் கறாராகச் சொன்னார்கள். ஜூன் முடிவதற்குள் சொந்தப் பெயரில் வயர் இணைப்பு இருந்தால் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். இல்லாவிட்டால் காலை ஏழு மணி ஷிப்டுக்கு நேரில் வர வேண்டும். எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்தாலே கே.கே. நகர் போய்ச் சேர எட்டாகிவிடும். ஆக, வயர் வந்தால் வேலை இருக்கும், வராவிட்டால் இல்லை. அந்த வேலை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. மற்றபடி அந்த ஊரில் நான் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா.

தெருவில் எட்டு வீடாவது சேர்ந்தால் ஃபைபர் லைன் இழுப்போம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதியவள் நான். ஆடு வளர்க்கும் பெரியப்பா வீட்டில் "வெளிநாட்டில் இருக்கும் மகள் முகத்தைத் தெளிவாகப் பார்க்கலாம்" என்றேன். மாவு மில்காரர் வீட்டில் "சீரியல் நிற்காமல் ஓடும்" என்றேன். என் வீட்டோடு சேர்த்து எட்டுப் பெயர் ஆன பிறகு, விட்டால் குறை சொல்வாளே என்று ஒன்பதாவதாக ஓரகத்தி பெயரையும் எழுதினேன். அவள் வண்டியூர்ப் பக்கம் வளர்ந்தவள். பேப்பரை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க அம்மா வீட்டுல எப்பவோ போட்டாச்சுக்கா" என்று சிரித்தாள். சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

பிறகு காத்திருந்தோம். இந்த வாரம் என்றார்கள், அடுத்த வாரம் என்றார்கள். மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் கேபிளைக் கடித்துவிட்டன என்றார்கள். பைக்கில் வயர்ச் சுருளோடு யார் போனாலும் நான் வாசலுக்கு ஓடினேன். பாதி நேரம் அது மோட்டார் பம்பு ரிப்பேர்க்காரராக இருந்தது.

கடைசியில் லைன்மேன் வந்த நாளில் நான் ஊரில் இல்லை. கே.கே. நகர் அலுவலகத்தில் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்டு நின்றுகொண்டிருந்தேன். தரவில்லை. உள்ளே போகும்போது போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயந்திரம் திரும்பி வந்தால், எங்கள் கம்பத்தில் புதுப் பெட்டி, அதிலிருந்து எட்டு வயர். ஏழு, நான் எழுதிய வீடுகளுக்கு. எட்டாவது என் வாசலைக் கடந்து ஓரகத்தி வீட்டுக்கு.

அவள் ஓடி வந்தாள். "வீடு பூட்டிக் கெடந்துச்சுக்கா. பெட்டில எட்டு போர்ட்டுத்தானாம். பூட்டுன வீட்டுக்குக் காத்துக் கெடக்க முடியாது, அடுத்த பேரு யாருன்னு கேட்டாரு. ஒங்களுக்கு ரெண்டு வாட்டி போன் அடிச்சேன், எடுக்கவே இல்ல."

"அடுத்த பெட்டி எப்ப வைப்பாகளாம்?"

"ரெண்டு மூணு மாசம் ஆவும்னாரு."

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம், "போன் அடிச்சாளாம், எனக்கு ஒரு காலும் வரல" என்றேன். வந்திருந்தது. அலுவலக வாசலில் போனைத் திரும்ப வாங்கியபோதே அவள் பெயரில் இரண்டு மிஸ்டு கால் பார்த்திருந்தேன். அதைப் பிறகு அழித்தும் விட்டேன்.

அவள் அந்த நெட்டை வைத்து என்ன செய்தாள்? பாட்டுக்கு வாயசைத்து வீடியோ போட்டாள். மீன்குழம்பு வைப்பதைப் படம் பிடித்தாள். கொழுந்தனார் கால் மேல் கால் போட்டுக் கிரிக்கெட் பார்த்தார். நான் மொட்டைமாடிக்குப் போய்ப் போனைத் திறந்தால், கிடைக்கும் நெட்டுகளின் வரிசையில் அவள் பெயர் பூட்டுப் படத்தோடு மேலே வந்து நிற்கும். அவளே ஒருநாள், "பாஸ்வேர்டு தாரேன், எங்க வீட்ல வந்து உக்காந்து வேலையப் பாருங்கக்கா" என்றாள். அலுவலகம் சொந்தப் பெயரில் ரசீது கேட்கிறது என்றேன். அது உண்மைதான். ஆனால் ரசீதே கேட்காவிட்டாலும் நான் போயிருக்க மாட்டேன். எனக்கு வர வேண்டியதை அவள் வீட்டு நடுக்கூடத்தில் போய் வாங்கித் தின்ன வேண்டுமா என்று வயிறு எரிந்தது.

ஜூனில் எங்கள் ஊரில் புரவி எடுப்பு வந்தது. ஐயனாருக்கு நேர்ந்துகொண்ட மண்குதிரைகளை ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கோயிலுக்குப் போவார்கள். எடுத்த குதிரையை வழியில் இறக்கக் கூடாது, எந்த வயருக்காகவும் சாய்க்கவும் கூடாது. அதனால் கரண்டை நிறுத்திவிட்டு, அவரவர் வாசலுக்கு மேலே போகும் வயரை அந்தந்த வீட்டுப் பெண்கள் கவட்டைக் கம்பால் உயர்த்திப் பிடிக்க வேண்டும். டிவி கேபிள் வந்த காலத்திலிருந்து இதுதான் எங்கள் தெரு வழக்கம்.

அவள் காலையிலேயே வந்துவிட்டாள். "அக்கா, நான் மாவெளக்கு எடுத்துக்கிட்டு குதிரைக்கு முன்னால வாரேன். எங்க வயரு ஒங்க வாசல் மேலதானே போகுது. கொஞ்சம் பாத்துக்கங்க."

"பாத்துக்கிறேன், போ" என்றேன்.

சாயந்திரம் கொட்டுச் சத்தம் நெருங்கியதும் கம்பை எடுத்துக்கொண்டு தெருவில் நின்றேன். கவட்டையில் வயரைக் கொடுத்துத் தூக்கினேன். எடையே இல்லை. இதற்கா இத்தனை நாள் என்று தோன்றியது. முதல் குதிரை நல்லபடியாகக் கடந்தது. இரண்டாவதும் கடந்தது. மூன்றாவதுதான் பெரிய குதிரை. காது இரண்டும் விறைத்து நின்றன. அதற்கு முன்னால் அவள் வந்தாள். பட்டுச்சேலை, கையில் மாவிளக்கு, முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிச் சிரித்தாள்.

நான் கம்பை ஒரு சாண் இறக்கினேன்.

கை வலித்து இறக்கவில்லை. கம்பு வழுக்கவும் இல்லை. நானாகத்தான் இறக்கினேன்.

"தூக்குங்கத்தா! வயரு, வயரு!" என்று குதிரைக்குக் கீழிருந்து ஒருவர் கத்தினார். அதற்குள் வயர் குதிரையின் காதில் மாட்டி, இழுபட்டு, பட்டென்று அறுந்து என் காலடியில் விழுந்தது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் மாவிளக்கை யார் கையிலோ கொடுத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். அறுந்த வயரை அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கை வழுக்கிருச்சாக்கா? எங்கயும் படலயே?"

"வழுக்கிருச்சு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து லைன்மேன் வந்தார். அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது கண்ணாடி இழைம்மா, கயிறு மாதிரி முடிச்சுப் போட முடியாது. முழுசா மாத்தணும். ரோல்ல இம்புட்டுத்தான் மிச்சம் இருக்கு, அம்புட்டுத் தூரம் எட்டாது. இனி அடுத்த மாசந்தான் வருவேன்."

நான் வாசல்படியிலேயே நின்றேன். ஓரகத்தி கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் வீட்டைப் பார்த்தாள்.

"அண்ணே, இந்த வீட்டுக்கு எட்டுமா?"

"கம்பத்துக்குப் பக்கத்து வீடுதானே, தாராளமா எட்டும்."

"அப்ப அக்காவுக்கே போட்டுருங்க. எங்க கனெக்ஷன அவுக பேருக்கு மாத்திக் குடுங்க. அவுகளுக்கு வேலை இருக்கு, எனக்கென்ன, மீன்கொழம்புதானே. அடுத்த பெட்டி வர்றப்ப நாங்க போட்டுக்கிறோம்." என் பக்கம் திரும்பி, "என்னக்கா முழிக்கிறீக? போயி ஆதாரை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. லைன்மேன் "சீக்கிரம்மா" என்றார். நான் உள்ளே போய் ஆதாரை எடுத்து வந்தேன்.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கூடத்து மூலையில் வெள்ளைப் பெட்டி, அதில் பச்சை விளக்குகள். டாக்டர் நிற்காமல் பேசினார். ரசீதை அலுவலகத்துக்கு அனுப்பினேன், வேலை தங்கியது. என் வாசலுக்கு மேலே இப்போது எந்த வயரும் இல்லை. கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் வெறும் வானம்தான்.

ஆனால் என் பொறாமை தீரவில்லை. அவள் இன்றைக்கும் எங்கள் மொட்டைமாடித் தொட்டியடியில் வந்து உட்கார்ந்து, என் குடையின் கீழே வட்டம் சுற்றுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தன் வீடியோவை ஏற்றுகிறாள். பாஸ்வேர்டு தருகிறேன் என்றால், "ஒங்க வேலை மெதுவாயிரும்கா, வேணாம்" என்கிறாள். தனக்கு வந்ததை இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு இப்படிச் சிரிக்க அவளால் முடிகிறது. அவளுடைய வயரை நான் எடுத்துக்கொண்டேன். அந்த மனசை எந்தக் கம்பத்திலிருந்து எனக்கு இழுத்துத் தருவார்கள்? குடையின் கீழே அவளைப் பார்க்கிறபோதெல்லாம், முன்னைவிட அதிகமாக எனக்கு வயிறு எரிகிறது.