அத்தை நேர்ந்த கரும்பு

காட்டு யானையைப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படவேயில்லை. கரும்புக்காகத்தான் வண்டி ஏறினேன். அத்தை ஐந்து கரும்புகளைக் கட்டி அணைத்துப் பிடித்திருந்தாள். கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறி முடிக்கும்வரை அதன் மேலேயே கண்ணாக இருந்தேன். ஒரு துண்டுகூட வரவில்லை. அது சாமிக்கு நேர்ந்ததாம்.

கலியாணமாகி எட்டு வருஷமாகியும் அத்தைக்குப் பிள்ளையில்லை. மழை விட்டதும் காட்டுப் பிள்ளையாருக்கு, அதாவது யானைக்கு, முதல் கரும்பு வைப்பதாக வேண்டியிருந்தாள். மாமா, வேட்டைக்கு வரும் வெள்ளைக்காரத் துரைகளுக்கு வழிகாட்டி. எந்த யானை எந்தத் துறையில் தண்ணீர் குடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. மூன்று வருஷமாகச் சாக்குச் சொல்லி வந்தவர், அந்த மார்கழியில் தானாகவே வண்டி கட்டினார். இப்படியும் ஒரு புருஷனா என்று தெருவே மெச்சியது. ஏழு வயசுக்காரி நான் அத்தைக்குத் துணை.

மலைமேல் இருந்த ஏரியின் கரையில் புல் இடுப்புவரை வளர்ந்து கிடந்தது. அட்டைகள் காலைப் பிடுங்கின. மாமா மண்ணைத் தூவிக் காற்றுப் பார்த்துவிட்டு ஒரு பாறையைக் காட்டினார்.

"இங்கன வையி. இங்கன வச்சாத்தான் சாமி வரும். சூடம் கொளுத்தாத, வாடைக்கு ஓடிரும்."

அத்தை கரும்பை வைத்துக் கும்பிட்டாள். மேட்டில் விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் மூவரும் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து ஒரு கொம்பன் தனியாக வந்தது. அது ஒரு கரும்பை எடுத்து வாயில் வைத்தது. அத்தை என் கையை இறுக்கினாள்.

"ஏத்துக்கிட்டாக ஆத்தா, ஏத்துக்கிட்டாக!"

அப்போதுதான் வெடித்தது.

யானை முன்கால் மடங்கிச் சரிந்தது. கரும்பு வாயிலேயே இருந்தது. எனக்குக் காது அடைத்துப் பாவாடை நனைந்துவிட்டது. எங்கள் தலைக்கு மேலே, பக்கத்தில் நின்ற மரத்தில் கட்டிய பரணிலிருந்து ஒரு துரை துப்பாக்கியோடு இறங்கி வந்து, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். துரை அங்கே இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. அத்தை அழவில்லை. மாமாவையே பார்த்தாள்.

"ரெண்டு பேர மிதிச்சுக் கொன்ன கொம்பன்டி இது. சுட உத்தரவு இருக்கு. எதுக்கும் சிக்கல."

"அதுக்கு என் நேத்திக்கடன்தான் கெடைச்சதா ஒங்களுக்கு?"

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

அடுத்த ஐப்பசியில் அத்தைக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சாமி கரும்பை ஏற்றுக்கொண்டதென்று ஊரே பேசியது. மாமா எல்லாரையும்விட உரக்கப் பேசினார். பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டாலும் போதும், அத்தை வாசலுக்கு ஓடி மலைப்பக்கம் பார்த்து மண்ணில் விழுந்து கும்பிடுவாள். பிள்ளை கொடுத்த சாமிக்கு நன்றி சொல்கிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். திருப்பி எடுத்துக்கொள்ளாதே என்று கெஞ்சியிருக்கிறாள். என் பிள்ளை காய்ச்சலில் கிடந்த அன்றுதான் அது எனக்குப் புரிந்தது.